கம்பி விமான எஞ்சின்: ஊசியைத் தொடும் முன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கம்பி விமானம் பார்த்திராதவர்களுக்கு முதலில் சில வரிகள். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். ஒரு முனை விமானத்தின் இடது சிறகில், மறுமுனை உங்கள் கைப்பிடியில். நீங்கள் நடுவில் நிற்க, விமானம் உங்களைச் சுற்றிப் பறக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் வால் மடிப்பு அசைந்து விமானம் ஏறும், இறங்கும். பெரும்பாலான கம்பி விமானங்களில் எஞ்சின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. கையை விட்டுக் கிளம்பினால் டாங்கி காலியாகும்வரை ஓடும். எனவே எஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்பதைத் தரையிலேயே முடிவுசெய்தாக வேண்டும்.

கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கும் இளைஞர்களும், வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் பழைய பெட்டியைத் திறந்திருக்கும் பெரியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பாதிக் கேள்விகள் ஊசி வால்வைப் பற்றியவை, அதாவது எஞ்சினுக்குள் போகும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பற்றியவை. பாதிப் பதில்கள், ஊசியை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பாருங்கள் என்பவை.

எந்த எஞ்சினைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

மெத்தனாலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின்கள், அதாவது தணலாக நிற்கும் சிறு கம்பிச் சுருள் கொண்ட க்ளோ பிளக்கால் எரிபொருளைப் பற்றவைப்பவை. அளவு .15 முதல் .46 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.5 முதல் 7.5 சிசி. ஜப்பானின் ஓஎஸ், என்யா, அமெரிக்காவின் பாக்ஸ் 35 ஆகியவை பழைய பெட்டிகளில் அதிகம் கிடைக்கும். ஈதரும் மண்ணெண்ணெயும் குடிக்கும் டீசல் எஞ்சின்கள் தனி உலகம். அவற்றில் ஊசியோடு அழுத்தத் திருகும் சேர்ந்துகொள்வதால் இங்கே அவற்றைத் தொடவில்லை.

ரிச், லீன் என்கிறார்களே, எது எந்தப் பக்கம்?

எரிபொருள் மிகுந்த கலவை ரிச், குறைந்த கலவை லீன். ஊசியை வலஞ்சுழியாக மூடினால் லீன், இடஞ்சுழியாகத் திறந்தால் ரிச்.

முதல் தடவை ஊசியை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

முழுதாக மூடி, மெதுவாக (இறுக்கினால் ஊசி முனை நசுங்கும்), அங்கிருந்து இரண்டரை முதல் மூன்றரைச் சுற்று. அந்த எண்ணுக்கு எஞ்சினைக் கிளப்புவதைத் தவிர வேறு மதிப்பு இல்லை. ஒருவருடைய எஞ்சினின் சுற்று எண்ணிக்கை மற்றவருக்குப் பொருந்தாது. ஊசியின் கூர்மை, வென்டூரியின் (காற்று உள்ளே போகும் குறுகிய வாய்) துளை, டாங்கியின் உயரம் எல்லாம் மாறும். “உங்களுடையது எத்தனை சுற்றில் இருக்கிறது அண்ணா?” என்று கேட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் எண்ணைச் சொல்வதில்லை.

தரையில் அருமையாக ஓடுகிறது. மேலே போன இரண்டாவது சுற்றிலேயே சூடாகி இளைக்கிறது. ஏன்?

தரையில் உச்ச வேகத்துக்கு ஊசியை மூடியிருப்பீர்கள். தொடங்குபவர்கள் அத்தனை பேரும் இதைச் செய்கிறார்கள், காதுக்கு அந்தச் சத்தம் இனிமையாக இருப்பதால்.

தரையில் நிற்கும் எஞ்சினும் பறக்கும் எஞ்சினும் ஒரே நிலையில் இல்லை. நிற்கும்போது புரொப்பெல்லர் அசையாத காற்றைப் பிசைகிறது, சுமை அதிகம். விமானம் ஓடத் தொடங்கியதும் சுமை குறைந்து நிமிடத்துக்குப் பல நூறு சுற்றுகள் கூடிவிடும். அதோடு வட்டத்தில் பறப்பதால் டாங்கிக்குள் எரிபொருள் வெளிச்சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. இது சின்ன விசை என்று நினைக்க வேண்டாம். கையையும் சேர்த்து 19 மீட்டர் ஆரத்தில், ஒரு சுற்றுக்கு 5.3 விநாடி என்று பறந்தால், வேகம் விநாடிக்கு 22.5 மீட்டர், மணிக்கு 81 கிலோமீட்டர். வெளிநோக்கிய இழுப்பு புவியீர்ப்பைப் போல் 2.7 மடங்கு. 1.2 கிலோ விமானம் உங்கள் கையை மூன்று கிலோவுக்கு மேல் இழுக்கும். டாங்கியில் இருக்கும் எரிபொருளையும் அதே மடங்கு இழுக்கும். தரையில் கீழ்ச்சுவரில் கிடந்தது இப்போது பக்கச்சுவரில் நிற்கிறது. தரையில் பார்த்த ஊசி நிலை இதை எப்படி அறியும்?

ஆகவே தரையில் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு அங்கிருந்து திறந்து பின்வாங்குங்கள். எவ்வளவு என்பதை எரிபொருள் குழாய் சொல்லும். எஞ்சின் ஓடும்போது, புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, குழாயை விரலால் ஒரு கணம் கிள்ளுங்கள். வேகம் கூடிவிட்டுப் பிறகு தணிந்தால் ரிச்சாக இருக்கிறது, பறக்கலாம். கிள்ளியவுடன் தொய்ந்தால் ஏற்கெனவே லீன், பறக்கக் கூடாது. அடுத்து, உதவியாளர் விமானத்தின் மூக்கை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கட்டும். சத்தம் சற்று உயர்ந்து அப்படியே நின்றால் சரி. உயர்ந்து விழுந்தால் இன்னும் திறக்க வேண்டும்.

மூத்தவர்கள் “மேலே ஏறும்போது உடைய வேண்டும்” என்கிறார்கள். என்ன உடைய வேண்டும்?

எஞ்சின் சத்தம்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடிக்க வேண்டியது. கலவை மிக ரிச்சாக இருந்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றே வெடிக்கும். வெடிப்பு பாதியாவதால் சத்தத்தின் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். கோயிலில் நாதஸ்வரக்காரர் மேல் ஸட்ஜத்தில் நின்றுவிட்டு ஆதார ஸட்ஜத்துக்கு வருவதைக் கேட்டிருந்தால் உங்கள் காதுக்குப் பயிற்சி தேவையில்லை.

பாக்ஸ் 35 போன்ற பழைய வகைகளில் வித்தை காட்டுபவர்கள் இதையே கருவியாக்கிக்கொண்டார்கள். மட்டமாகப் பறக்கும்போது கீழ்ச்சுருதி. மூக்கு மேலே திரும்பியதும் சுமை ஏறி, கலவை மெலிந்து, மேல்சுருதிக்குத் தாவும். கீழே திரும்பியதும் மீண்டும் இறங்கும். ஏறும்போது தானாகவே சக்தி கூடுகிறது, யாரும் தொடாமல். 25 எல்ஏ, 46 எல்ஏ போன்ற பிற்கால ஓஎஸ் எஞ்சின்களை இப்படித் தாவ வைக்க மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. சிறிய சாய்வுள்ள புரொப்பெல்லரைப் போட்டு, சற்று ஈரமான, அதாவது கொஞ்சம் ரிச்சான, டூ ஸ்ட்ரோக்கில் முழு நேரமும் ஒரே சீராக ஓடவிடுங்கள். கண்ணுக்கு அழகு குறைவு, விமானம் பிழைக்கும்.

சரியாக அமைந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டாப்வாட்ச். காதுக்கு அடுத்து நான் நம்புவது அதைத்தான். ஒரு சுற்றை அளந்தால் உங்கள் கட்டைவிரல் செய்யும் பிழையே அதிகமாக இருக்கும். ஐந்து சுற்றை அளந்து ஐந்தால் வகுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு முறை, டாங்கி முடியும் முன் ஒரு முறை, தலைகீழாகப் பறக்கத் தெரிந்தால் அதில் ஒரு முறை. மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் ஊசியைத் தொடாதீர்கள். சுமார் 18 மீட்டர் கம்பியில் பயிற்சி விமானத்துக்கு ஒரு சுற்றுக்கு 5 முதல் 5.5 விநாடி வசதியான வேகம்.

எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். வானிலையும் புரொப்பெல்லரும் பிளக்கும் கூடவே. ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும். பிளக், புரொப், ஊசி மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு “இப்போது சரியாகிவிட்டது” என்று மகிழ்பவருக்கு எது சரிசெய்தது என்று அடுத்த வாரம் தெரியாது.

நேராகப் பறக்கும்போது ஒரு வேகம், தலைகீழாக வேறு வேகம். ஊசியில் எப்படிச் சரிசெய்வது?

ஊசியில் முடியவே முடியாது. ஒரு பக்கத்துக்குச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும். இது டாங்கியின் உயரம்.

நேராகப் பறக்கும்போது டாங்கி ஊசியைவிட உயரத்தில் இருந்தால், எரிபொருள் இறங்கி வருகிறது, ரிச். தலைகீழானதும் அதே டாங்கி ஊசிக்குக் கீழே போய்விடுகிறது. எரிபொருளை மேலே உறிஞ்ச வேண்டும், லீன். ஆகவே தலைகீழாகப் பறக்கும்போது வேகம் கூடி லீன் ஆனால் டாங்கியைச் சக்கரத்தின் பக்கம் இறக்குங்கள். தலைகீழில் ரிச்சாகித் தடுமாறினால் மேலே ஏற்றுங்கள். ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றை அடியில் செருகலாம். டாங்கியை ரப்பர் வளையத்தாலோ கழற்றக்கூடிய பட்டையாலோ கட்டியிருந்தால் இது ஐந்து நிமிட வேலை. எபாக்ஸி போட்டு ஒட்டிவிட்டு வருபவர்களுக்கு என்னிடம் அனுதாபம் மட்டுமே இருக்கிறது.

ஆரம்பத்தில் நன்றாக இருக்கிறது, போகப்போக லீன் ஆகிறது.

சாதாரணக் காற்றுக் குழாய் உள்ள டாங்கியில் இது இயல்பு. எரிபொருள் குறையக்குறைய அதன் மேற்பரப்பு வெளிச்சுவரை நோக்கி நகர்கிறது, எஞ்சினிலிருந்து விலகுகிறது. யூனிஃப்ளோ டாங்கியில் காற்று வரும் குழாயின் உள்முனை, எரிபொருள் எடுக்கும் முனைக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருக்கும். அதனால் டாங்கி நிறைந்திருந்தாலும் கால்பங்கே இருந்தாலும் எஞ்சின் உணரும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. அந்தக் குழாயின் வெளிமுனை எதிர்க்காற்றைப் பார்த்திருக்க வேண்டும். நிரப்பியபின் வழிந்தோடும் குழாயை மூட வேண்டும். மூட மறந்தால் காற்று அந்த வழியே நுழைந்துவிடும், யூனிஃப்ளோ வெறும் அலங்காரம்.

யூனிஃப்ளோ இருந்தும் லீன் ஆனால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். டாங்கியை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, மற்ற குழாய்களை அடைத்து, ஒன்றில் புதிய குழாய்த் துண்டைப் பொருத்தி ஊதுங்கள். குமிழி வரும் இடம் குற்றவாளி. ஊசிமுனை அளவு துளை போதும், ஒரு மாதக் காலைகளை வீணடிக்க. சிலிக்கோன் குழாயில் கம்பி உரசும் இடங்களையும் பாருங்கள்.

சத்தம் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது. இதுவும் கசிவா?

இருக்கலாம். அதற்கு முன் எஞ்சின் திருகாணிகளை இறுக்குங்கள். மரத் தாங்கி எண்ணெயில் ஊறி நசுங்கினால் திருகு தளரும், எஞ்சின் அதிரும், டாங்கியில் நுரை கிளம்பும். நுரையை உறிஞ்சும் எஞ்சின் வேறெப்படி ஓடும்? சமநிலை பார்க்காத புரொப்பெல்லரும் இதையே செய்யும்.

க்ளோ பிளக்கை எப்போது மாற்றுவது?

ரே ஆர்டன் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தச் சிறு பொருளில் மின்சாரம் கிளப்புவதற்கு மட்டும் தேவை. 1.5 வோல்ட் கொடுத்துச் சுருளைச் சிவக்கவைத்தால் போதும். பிறகு மெத்தனால் ஆவி பிளாட்டினக் கம்பியைத் தொடும்போது நடக்கும் வினையூக்கமும் எரிதலின் சூடும் அதைத் தணலாகவே வைத்திருக்கும். ஆகவே ஒரு சோதனை: பேட்டரியைக் கழற்றியதும் வேகம் தெளிவாக விழுகிறதா? மிகவும் ரிச் அல்லது பிளக் செத்துக்கொண்டிருக்கிறது. சுருள் பளபளப்பு மங்கிச் சொரசொரவென்று இருந்தாலோ நெளிந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். காரணம் புரியாத கோளாறு எதுவானாலும் முதலில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள், மலிவான பரிசோதனை அதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடை விளக்கெண்ணெயை எரிபொருளில் கலக்கலாமா?

நம்மவர்கள் தவறாமல் கேட்பது. எஞ்சினுக்கு வேண்டியதும் ஆமணக்கு எண்ணெய்தான். சூட்டில் மற்ற எண்ணெய்கள் கைவிடும் இடத்தில் இது பிஸ்டனைக் காக்கும். போட்டிகளில் பயன்படும் எளிய கலவையே 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கு எண்ணெய். பால் பேரிங் இல்லாத புஷிங் தாங்கியும் இரும்புப் பிஸ்டனும் உள்ள பழைய எஞ்சின்களுக்கு எண்ணெய் 25 சதவீதத்துக்கு மேலும் போகலாம்.

கடை எண்ணெயில் சிக்கல் தூய்மை. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சமையல் எண்ணெய்களில் எதுவும் மெத்தனாலில் முழுதாகக் கரைவதில்லை, ஆமணக்கு எண்ணெய் கரையும். கண்ணாடிப் புட்டியில் நான்கு பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு எண்ணெயும் ஊற்றிக் குலுக்கி இரவு முழுதும் வையுங்கள். காலையில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கலங்கினாலோ அடியில் தனிப் படலம் நின்றாலோ அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. வாசனை சேர்த்த தலைமுடித் தைலம் எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால், புது எஞ்சினுக்குக் கலந்தே விற்கும் எரிபொருளை வாங்குங்கள். விளக்கெண்ணெய்ப் பரிசோதனையைப் பழைய எஞ்சினில் செய்யலாம்.

மெத்தனாலை வீட்டில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மதுவால் பலர் இறந்தது இதே மெத்தனாலால்தான். குடிதண்ணீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் இதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. சாமி விளக்கு எரியும் அறையிலும் சமையலறையிலும் இதற்கு இடமில்லை.

காலை எட்டு மணிக்கு வைத்த ஊசி பதினொன்றுக்குச் சரிவரவில்லை. ஈரப்பதமா?

எல்லோரும் ஈரப்பதத்தைத்தான் திட்டுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். காலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். முற்பகலில் 32 டிகிரி, 65 சதவீதம். இரண்டிலும் காற்றில் உள்ள நீராவி ஏறக்குறைய ஒன்றே, சுமார் 3 சதவீதம். மாறியது வெப்பம். ஏழு டிகிரி ஏறினால் காற்று இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் மெலிகிறது. உள்ளே போகும் ஆக்சிஜன் குறைய, அதே ஊசி நிலை இப்போது சற்று ரிச். ஒன்றிரண்டு கிளிக் மூடினால் தீர்ந்தது.

குளிர்நாட்டு வழிகாட்டிகளோடு ஒப்பிடும்போதுதான் வேறுபாடு பெரிதாகும். 15 டிகிரி உலர்ந்த காற்றைவிட நம் முற்பகல் காற்றில் ஆக்சிஜன் சுமார் 8 சதவீதம் குறைவு. அவர்கள் எழுதும் சுழற்சி எண்ணை இங்கே எட்ட ஊசியை மூடிக்கொண்டே போனால், எஞ்சினைச் சுட்டுவிடுவீர்கள்.

ஈரப்பதம் உண்மையில் கெடுக்கும் இடம் எரிபொருள் கேன். மெத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அரை கேன் எரிபொருளை மூடி தளர்வாகக் கார் பூட்டில் ஒரு வாரம் வைத்துவிட்டு எஞ்சினைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிறு கேன்களில், வாய்வரை நிரப்பி, இறுக மூடி, நிழலில் வையுங்கள்.

டாக்கோமீட்டர் (சுழற்சி வேகத்தை அளக்கும் கருவி) வாங்க வேண்டுமா?

உதவும், கட்டாயமில்லை. 9×4 புரொப்புடன் (விட்டம் 9 அங்குலம், சாய்வு 4 அங்குலம்) 25 அளவு எஞ்சின் தரையில் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டியும், பெரிய புரொப்புடன் 46 எல்ஏ 10,000ஐ ஒட்டியும், 10×6 உடன் பாக்ஸ் 35 எட்டாயிரத்துச் சொச்சத்திலும் இருந்தால் கிளம்பலாம். மேலே போனபின் ஸ்டாப்வாட்ச் பேசட்டும். ஒளியால் அளக்கும் டாக்கோவைச் சரிபார்க்க, பழைய சோக் வைத்த டியூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். இரண்டு இதழ் நிலையில் 3,000 காட்ட வேண்டும். அமெரிக்கக் குறிப்புகளில் 3,600 என்று இருக்கும், அங்கே 60 ஹெர்ட்ஸ். எல்இடி விளக்கை நம்ப வேண்டாம்.

ரிமோட் விமான எஞ்சின்தான் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

போடலாம், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு. அதன் துளை பெரிது, டாங்கியிலிருந்து இழுக்கும் உறிஞ்சல் போதாது. 40 முதல் 46 அளவுக்கு உள்விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர் உள்ள வென்டூரியும், குறுக்கே ஊசிக் குழாயும் பொருத்துங்கள். கொஞ்சம் சக்தி போகும். அதற்குப் பதிலாக எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி ஓடும் எஞ்சின் கிடைக்கும்.

புது எஞ்சினை எப்படிப் பழக்குவது?

உள்ளே என்ன உலோகம் என்பதைப் பொறுத்தது. இரும்புப் பிஸ்டன் என்றால் நல்ல ரிச்சில், கீழ்ச்சுருதியில், சிறுசிறு ஓட்டங்களாக, நடுவில் முழுதும் ஆறவிட்டு. குரோம் அல்லது நிக்கல் பூசிய உறை உள்ளவை குளிர்ந்திருக்கும்போது மேல்முனையில் இறுக்கமாகவே இருக்கும். சூடேறினால்தான் அளவு பொருந்தும். அவற்றை வழிய வழிய ரிச்சாக ஓட்டினால் தேய்மானமே மிஞ்சும். இரண்டு நிமிடம் ஈரமான டூ ஸ்ட்ரோக், பிறகு ஆறவிடுதல், அப்படியே சில தடவை. அதற்குப் பிறகு பறக்கவிடுங்கள்.

அடுக்குமாடி வீட்டு பால்கனியில் சோதிக்கலாமா?

கூடாது. அக்கம்பக்கத்தாரும், தெறிக்கும் எண்ணெயும், உடைந்தால் எங்கே பறக்கும் என்று தெரியாத புரொப்பெல்லரும் போதுமான காரணங்கள். திடலில், கனமான பலகையில் எஞ்சினைப் பூட்டி, விரலுக்குப் பதில் கோலால் தட்டிக் கிளப்பி, ஊசியைப் பின்பக்கமிருந்து திருகுங்கள்.

எந்தத் திடல், எந்த நேரம்?

மின்கம்பிகள் இல்லாத திடல். கையில் இருப்பது எஃகுக் கம்பி, அது உயர் அழுத்த மின்கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே உயிர் போகும். இங்கே சுபாங், பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையப் பக்கங்களை விட்டுவிடுங்கள். நகராண்மைத் திடல் என்றால் அனுமதி கேளுங்கள். கிளப்பும் முன், மற்றொருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் எடையைப் போல் பத்து மடங்கு விசையில் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கைப்பிடிக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு பாதுகாப்புக் கயிறு.

காலையில் பசியாறியதும் வந்து, வெயில் ஏறும் முன் முடிப்பது நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மின்னலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் முதல் இடி கேட்டதும் கம்பியைச் சுருட்டுங்கள், எஞ்சின் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும்.

முடிந்ததும் எஞ்சினுக்கு என்ன செய்ய வேண்டும்?

மிச்ச எரிபொருளை டாங்கியிலிருந்து வடித்துவிட்டு, குழாயைக் கழற்றி, உள்ளே இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பிறகு வென்டூரியிலும் பிளக் துளையிலும் சில சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டு, கையால் பத்துப் பதினைந்து முறை சுழற்றுங்கள். மெத்தனால் இழுத்துக்கொண்ட தண்ணீர் உள்ளே தங்கினால் பால் பேரிங் துருப்பிடிக்கும். வென்டூரி வாயைத் துணியால் மூடி வையுங்கள். வீட்டு அலமாரியில் குளவி கூடு கட்ட அது பிடித்தமான அளவு.